ஆக்சிஜனில் இருக்கும் குழந்தை வீட்டில் தீபாவளி உண்டா?

கேள்வி, 14 அக்டோபர் 2024

குறைமாதத்தில் பிறந்த என் இளைய மகனுக்கு இப்போது ஒரு வயது. போன மாதம்தான் ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். இந்த வருடம் தீபாவளியே வேண்டாம் என்கிறார் மாமியார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. குழந்தை இப்படி இருக்கும்போது நாம் புதுத்துணி உடுத்துவதே தப்பில்லையா? ஆனால் மூத்தவனுக்கு ஏழு வயது. காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

14 அக்டோபர் 2024, இரவு

விடாதீர்கள். நான் மதுரை. என் மகன் 2022 ஆகஸ்ட்டில் 27 வாரத்தில் பிறந்தான், எடை 850 கிராம். நுரையீரல் முதிராமலே பிறந்து, வென்டிலேட்டரில் கிடந்து, அதனால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோய். இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னமும் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஆக்சிஜன், வயிற்றுக் குழாய் வழியாகச் சாப்பாடு. மூத்தவள் மகள், எட்டு வயது.

2022 தீபாவளி அன்று அவன் ஐ.சி.யூ. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தான். அது எங்களுக்குப் பண்டிகை என்ற கணக்கிலேயே இல்லை. 2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு வீட்டில் முதல் தீபாவளி. எல்லாரையும் போலச் செய்தோம். முதல் நாள் முழுக்க வீட்டுக்குள் முறுக்கும் அதிரசமும் சுட்டோம். விடியற்காலை நாலரைக்கே தெருவில் சரவெடி ஆரம்பித்துவிட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரில் 94 காட்டிக்கொண்டிருந்தது 89 ஆனது, அப்புறம் 86. ஆக்சிஜனை அரையிலிருந்து ஒன்றரைக்கு ஏற்றியும் மதியம்வரை 90-ஐத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாள்.

இதில் நான் மறக்காத விஷயம் வேறு. அவசரத்தில் மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடினோம். அவர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். புதுப் பாவாடையோடு அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மதியச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு என் அக்கா வந்து பார்த்தபோது கையில் ஒரு துண்டு மைசூர்பாகு வைத்திருந்தாளாம்.

ஆகவே எதையும் மாற்றாமல் கொண்டாடுவதும் தப்பு, முழுசாக விடுவதும் தப்பு. முழுசாக விட்டால் அந்தச் சுமை மூத்த குழந்தையின் தலையில் போய் உட்காரும்.

15 அக்டோபர்

புகை பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீடு சிறிது. ஒரு அறையைப் புகை புகாத அறையாக மாற்றிவிட்டோம். தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத அறையாகப் பாருங்கள். ஜன்னல் இடுக்கில் டேப், கதவுக்கு அடியில் ஈரத்துண்டு. தீபாவளிக்கு முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் காலைவரை அவன் அந்த அறையில்தான் இருப்பான்.

தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, இந்த இரண்டு மணி நேரம்தான் வெடிக்க அனுமதி. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பு சொன்னதிலிருந்து இப்படித்தான். எங்கள் தெருவில் நாலு மணிக்கே தொடங்கி நள்ளிரவுவரை போகும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பசுமைப் பட்டாசு என்றால் பரவாயில்லையா என்று கேட்டவருக்கு: அதில் தூசி சுமார் 30 சதவீதம் குறையும் என்பதுதான் சொல்லப்படும் கணக்கு. மிச்சம் 70 சதவீதம் இருக்கிறதே. நல்ல நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் பெரிதாக இருக்கலாம், இவர்களுக்குப் போதாது.

வெடியைத் தவிர்த்துவிட்டு மத்தாப்பு, சங்குசக்கரம் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை என்பது என் அனுபவம்.

17 அக்டோபர்

மேலே கடைசியாக எழுதியது தவறு. எங்கள் குழந்தை மருத்துவரிடம் நேற்றுச் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016-இல் ஒவ்வொரு பட்டாசாகக் கொளுத்தி, நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளை அளந்திருக்கிறார்கள். முதலிடம் பாம்பு மாத்திரைக்கு. சத்தமே போடாத, தரையில் கறுப்பாகச் சுருண்டு வளரும் அதேதான். அடுத்தது ஆயிரம்வாலா மாதிரிச் சரவெடி. கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும்கூடப் புஸ்வாணத்தைவிட அதிகம். குழந்தைக்கு என்று நாம் பார்த்துப் பார்த்துக் கையில் கொடுப்பவைதான் அதிகம் புகைகின்றன. சத்தத்தை வைத்து நான் கணக்குப் போட்டுவிட்டேன். சத்தம் அவன் தூக்கத்தைக் கெடுக்கும், புகைதான் மூச்சைக் கெடுக்கும்.

ஈரத்துண்டு பற்றியும் ஒரு திருத்தம். கண்ணுக்குத் தெரியும் புகையை அது கொஞ்சம் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தால்தான் பிரயோஜனம். வாடகைக்குக் கிடைத்தாலும் போதும். ஓசோன் வெளிவிடும் வகை வேண்டாம், அதுவே நுரையீரலை எரிக்கும்.

18 அக்டோபர்

இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடாதீர்கள்.

தீபாவளி என்றாலே கையில் எண்ணெய்தான். எண்ணெய்க் குளியல், பலகாரம், நெய். சிலிண்டர் வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெய்ப் பசை பட்டு, அதன்மேல் அழுத்தத்தோடு ஆக்சிஜன் பாய்ந்தால் நெருப்பே இல்லாமல் தீப்பிடிக்கும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் அது இருக்கும் இடத்தில் மற்றது எல்லாம் வெறிபிடித்த மாதிரி எரியும். அதிரசம் தட்டிக்கொண்டிருந்த கையோடு என் அக்கா பாசமாக வந்து, "நான் திறக்கிறேன், நீ குழந்தையைப் பாரு" என்றாள். நான் கத்திய கத்தில் அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. சிலிண்டர் பக்கத்தில் இப்போது ஒரு சோப்பும் காய்ந்த துண்டும் நிரந்தரமாக இருக்கின்றன.

விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், அடுப்பு எல்லாமே குழந்தையிடமிருந்து குறைந்தது பத்தடி தள்ளி. எங்கள் வீட்டில் பூஜை அலமாரியே இடம் மாறிவிட்டது. ஆக்சிஜன் மெஷினை அணைத்த உடனே பயம் போய்விட்டது என்று நினைக்கவும் கூடாது. துணியிலும் போர்வையிலும் முடியிலும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இருபது நிமிடமாவது காற்றாட விடுங்கள்.

அப்புறம் திருஷ்டி. பண்டிகை நாளில் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பெரியவர்கள் கற்பூரம் ஏற்றிக் குழந்தையைச் சுற்றுவார்கள். மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் முகத்துக்கு ஓரடி தூரத்தில் நெருப்பு! மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர் மட்டும் சுற்றச் சொல்லுங்கள், கற்பூரம் இல்லாமல். மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவதும் வேண்டாம், அந்த நெடி நமக்கே தாங்காது.

19 அக்டோபர்

மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சொந்த அம்மா என்பதால் கொஞ்சம் சுலபம், அல்லது கொஞ்சம் கஷ்டம்.

அம்மாவுக்குத் தெரிந்த குழந்தை வளர்ப்பு எல்லாம் இவனுக்கு ஆகாததாகப் போய்விட்டது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சாம்பிராணி காட்டி, உரை மருந்து புகட்டுவது. எங்களை நாலு பேரையும் அப்படித்தான் வளர்த்தாள். இவனுக்கு மூக்கில் எண்ணெய் விட்டால் அது நேரே நுரையீரலுக்குப் போய் அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியா வரும். நல்ல குழந்தைகளுக்குமே வரும், நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் எல்லாரும் எச்சரிக்கிற விஷயம் இது. சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, மூச்சுக் குழலுக்குள் இறங்கிவிடும்.

இதையெல்லாம் நான் "கூடாது, கூடாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அம்மா அவனைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். தன் கை பட்டாலே அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். அதை என் மனைவிதான் கவனித்தாள். அவள்தான் ஒரு நோட்டை அம்மாவிடம் கொடுத்து, "அத்தை, அரை மணிக்கு ஒரு தடவை அந்த மெஷினில் என்ன நம்பர் இருக்கோ அதை நீங்க எழுதுங்க. எனக்கு ஞாபகம் இருக்க மாட்டேங்குது" என்றாள். அம்மா அஞ்சாவதுவரை படித்தவள். பால் கணக்கு எழுதுகிற மாதிரி நேரம், நம்பர், பக்கத்தில் ஒரு கோடு. இந்த ஒரு வருடத்தில் ஒன்பது நோட்டு ஆகிவிட்டது. போன தடவை மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, ராத்திரி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று அதிலிருந்தே சொன்னார். அன்று அம்மா பஸ்ஸில் திரும்பி வரும்போது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வேண்டாம் என்று சொல்லும்போதே கையில் வேறு ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். இதை எனக்கு யாரும் முன்பே சொல்லித்தரவில்லை.

20 அக்டோபர்

எண்ணெய்க் குளியலுக்கு இந்த வருடம் நாங்கள் செய்யப்போவது: ஆக்சிமீட்டர் மாட்டாத காலின் உள்ளங்காலில் மட்டும் ஒரு பொட்டு நல்லெண்ணெய். அம்மா வைப்பாள், உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். முகம், மார்பு, தலை எங்கும் கிடையாது. அப்புறம் வெந்நீரில் துண்டு நனைத்து உடம்பு துடைப்பது. அவ்வளவுதான் அவனுக்குக் கங்கா ஸ்நானம்.

மருதாணி வைப்பவர்கள் ஒரு கால் கட்டைவிரலையாவது விட்டுவைக்கவும். நகம் சிவந்திருந்தால் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டக்கூடும்.

21 அக்டோபர்

துணி பற்றி நான் பேசலாம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பதினாலு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். இந்தக் குழந்தைகளுக்குத் தலை வழியாகப் போடும் சட்டை எடுக்காதீர்கள், குழாய் மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டை, பருத்தி மட்டும். நைலான், பாலியெஸ்டர், ஜரிகை வைத்த பட்டு மாதிரித் துணி வேண்டாம். உரசினால் பொறி பறக்கும், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். ஆக்சிஜன் பக்கத்தில் அது கூடவே கூடாது.

வயிற்றுக் குழாய் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பொத்தான் வைத்த திறப்பு ஒன்று தைக்கச் சொல்லுங்கள். முழுச் சட்டையையும் கழற்றாமல் பால் ஏற்றலாம். விருந்தாளிகள் முன்னால் குழந்தையின் வயிற்றைத் திறந்து காட்டாமல் இருக்க அது எவ்வளவு உதவும் என்பது தைத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. எங்கள் தையல்காரர் கூலி வாங்கவில்லை. மாதிரிக்கு ஒன்று தைத்து, சரியாக வரவில்லை என்று பிரித்து, மறுபடி தைத்துக் கொடுத்தார்.

23 அக்டோபர்

விருந்தாளிகள். ஐப்பசி மழையும் சளியும் தீபாவளியும் சேர்ந்தே வருகின்றன. மூக்கு ஒழுகுகிற ஒரு குழந்தை ஆசையாய்க் கொடுக்கும் ஒரு முத்தம் இவர்களை வென்டிலேட்டரில் கொண்டுபோய் விடும். குளிரில் பரவும் சாதாரணச் சளி வைரஸ்தான், இந்த நுரையீரலுக்கு அதுவே பெரிது. வீட்டில் உள்ள எல்லாருமே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டோம், மூத்தவள் உட்பட. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தால் போடலாம், வருடா வருடம். பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், அதனால் தீபாவளி வாரத்தில் ஓடாதீர்கள்.

சொந்தக்காரர்களிடம் "வராதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் மனைவி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு தடவை எழுதினாள்: சளி இல்லாதவர்கள் வரலாம், குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், பலகாரம் வாசலில் கிடைக்கும். ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டார். ஒரு அத்தை தனக்கு இருமல் என்று சொல்லி வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள். அந்த அத்தைக்கு வாழ்நாள் முழுக்க நான் கடன்பட்டிருக்கிறேன்.

26 அக்டோபர்

நேற்று மதியம் மதுரையில் கொட்டிய மழையை எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போய்விட்டது. ஐந்து லிட்டர் ஆக்சிஜன் மெஷின் 350 வாட் இழுக்கும். 150 ஏ.ஹெச். பேட்டரி, ஆகவே எப்படியும் நாலு மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்தக் கணக்கை இரண்டு பேருக்குத் தனியாக எழுதியும் அனுப்பினேன். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. பேட்டரிக்கு நாலு வயது என்பதை நான் யோசிக்கவில்லை. கடையிலிருந்து தண்ணீரில் நடந்து வந்து சேர எனக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் மனைவியே சிலிண்டருக்கு மாற்றிவிட்டாள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு.

சிலிண்டர் கணக்கு உறுதியானது, அதை நம்பலாம். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் 50 மணி நேரம், ஒரு லிட்டர் என்றால் 25. முழுசாக இருக்கிறதா என்று மீட்டர் பார்த்து வாங்குங்கள். நிரப்பும் இடங்களில் தீபாவளிக்கு ஆள் இருக்க மாட்டார்கள், ஆகவே 28-ஆம் தேதிக்குள் நிரப்பிவிடுங்கள். கரண்ட் போனால் புகார் சொல்லும் மின்னகம் எண் 94987 94987, சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் இன்றே மெயின் சுவிட்சை அணைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்துச் சோதியுங்கள்.

28 அக்டோபர்

தெருப் பையன்களிடம் போய்ப் பேசலாமா, சண்டை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் நான் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர்கள்மேல் கோபமாக இருந்தேன். யாருக்குமே உள்ளே ஒரு குழந்தை இப்படி இருக்கிறது என்று தெரியாது என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். நாங்களே கதவை மூடிக்கொண்டு வாழ்ந்துவிட்டு அவர்களைத் திட்டி என்ன பயன்?

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஓர் ஊர், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி. கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடும் என்று பல தலைமுறையாக அங்கே வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கும் இல்லை, கோயில் திருவிழாவுக்கும் இல்லை. மேலூரில் கல்யாணம் கட்டிப் போன என் அக்காவுக்கு அந்த ஊர்ப் பக்கம் பழக்கம். சட்டம் போட்டு யாரும் அங்கே நிறுத்தவில்லை என்பாள். வெளியூர்ப் பறவைக்கு அவ்வளவு செய்கிற ஜனங்கள் இருக்கிற நாடுதானே இது என்ற தைரியத்தில் நேற்று ராத்திரி டீக்கடை முன்னால் நின்ற ஆறு பையன்களிடம் போனேன்.

செல்போனில் குழந்தையின் படத்தைக் காட்டினேன். வெடிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டு முன்னால் வேண்டாம், தெருக்கோடியில் இருக்கிற பொட்டலில் வெடியுங்கள் என்றேன். அதில் ஒருவன், "அண்ணே, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து வெடிக்கிறோம்" என்றான். எனக்கே தோன்றாத விஷயம்.

31 அக்டோபர், விடியற்காலை 2.40

இப்போதுதான் கடை மூடி வீட்டுக்கு வந்தேன். கடைசி வாடிக்கையாளர் ஒன்றேகாலுக்கு வந்தார், மகளுக்குப் பாவாடை. ஜவுளிக் கடைக்காரன் வீட்டுத் தீபாவளி எப்போதுமே ஊர் முடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். என் அப்பாவும் கடைதான். சின்ன வயதில் எங்களுக்கு நரக சதுர்த்தசி அன்று அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், மறுநாள்தான் புதுத்துணி. அது குறையாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவன் தூங்குகிறான். 95. அம்மா விழித்திருக்கிறாள், நோட்டோடு.

1 நவம்பர்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். நாலரைக்கு வெடி ஆரம்பித்தது, ஆனால் தெருக்கோடியில். மூடிய அறை, சுத்திகரிப்பான். மிகக் குறைந்தது 91, அதுவும் இரவு எட்டரைக்குப் பத்து நிமிடம். அரையிலிருந்து முக்கால் லிட்டருக்கு ஏற்றினோம், போதுமானதாக இருந்தது. ஏற்றும் அளவை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தோம். எந்த எண்ணில் ஏற்றுவது, எந்த எண்ணில் 108-ஐக் கூப்பிடுவது என்று இரண்டே வரி. நீங்களும் எழுதி வாங்குங்கள். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது.

பலகாரம் எல்லாம் மேலூரில் அக்கா வீட்டில் சுட்டு டப்பாவில் வந்தது. லேகியம் மட்டும் அம்மா இங்கேதான் கிளறுவேன் என்றாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், மல்லி. மொட்டை மாடியில் ஸ்டவ் வைத்துக் கொடுத்தோம். நெய் ஊற்றுவதற்கு முன்னால், மருந்துப் பொடி சேர்ப்பதற்கும் முன்னால், வெறும் வெல்லப்பாகு ஒரு கரண்டி தனியே எடுத்து ஆறவைத்தாள். விழுங்கும் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்டிடம் போன வாரமே கேட்டிருந்தோம். விரல் நுனியில் தொட்டு உதட்டில் தடவலாம், அதற்கு மேல் வேண்டாம், நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். உங்கள் குழந்தைக்கு அது ஆகுமா என்று உங்கள் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும், என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

அம்மா தடவினாள். அவன் முகத்தைச் சுளித்தான். அப்புறம் நாக்கை வெளியே நீட்டித் தேடினான். பிறந்ததிலிருந்து வாயில் சாப்பாட்டு ருசி தெரியாத குழந்தை. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகப் போய்க் கை கழுவினாள்.

3 நவம்பர்

ஒரு விஷயத்தை நான் எழுதவில்லை, ஏனென்றால் அதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவளை 30-ஆம் தேதியே மேலூருக்கு அனுப்பிவிட்டோம். அக்கா பிள்ளைகளோடு வெடி, பலகாரம், புதுத்துணி என்று ஒரு குறையும் இல்லாமல் அவள் தீபாவளி கொண்டாடட்டும் என்று. போன வருடத் திண்ணைக்கு இது பரிகாரம் என்றுகூட மனசுக்குள் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டி வந்தேன். வண்டியில் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அப்பத்தா, தம்பிக்கு உடம்பு சரியில்லைன்னா என்னைய மட்டும் ஏன் வெளியே அனுப்புறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு வருடமும் தீபாவளிக்கு அவள் வீட்டில் இல்லை. ஒரு வருடம் பக்கத்து வீட்டுத் திண்ணை, ஒரு வருடம் மேலூர். அவள் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

கேட்ட சகோதரிக்கு: மூத்தவனைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று தனியாக எழுதிக் கேட்டீர்கள், நான் அனுப்புங்கள் என்று பதில் போட்டேன். அவனைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான் கேட்கவில்லை.

அவள் பையில் துணிக்கு அடியில் இரண்டு புஸ்வாணம் இருந்தன. பாம்பு மாத்திரை வேண்டாம், புஸ்வாணத்தில்தான் புகை குறைவு என்று நான் போனில் யாரிடமோ பேசியதைக் கேட்டு, அத்தையிடம் கேட்டு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள். தம்பிக்குக் காட்டத்தான். நேற்று இரவு தெருவில் ஒரு சத்தமும் இல்லை, காற்று தெற்கே அடித்தது. தெருவின் மறுபக்கம், நாற்பதடி தள்ளி, காற்றின் போக்கில் புகை எங்களை விட்டு விலகிப் போகும்படி அவளும் நானும் நின்றோம். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே மனைவி அவனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் புஸ்வாணம் பாதியில் அணைந்துவிட்டது. இரண்டாவது ஓட்டு உயரத்துக்கு எழும்பியது. அவன் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினான். வெளியே எங்களுக்கு அது கேட்கவில்லை, கை அசைவது மட்டும் தெரிந்தது. மூத்தவள் குதித்தாள்.

நாங்கள் குளித்து உடை மாற்றிய பிறகுதான் அவன் பக்கம் போனோம். அம்மாவின் நோட்டில் 9.00 மணிக்கு 94, 9.30-க்கு 95. நடுவில், கோடு போட வேண்டிய இடத்தில், "சிரிச்சான்" என்று எழுதியிருக்கிறது.

13 ஜனவரி 2025

போகி பற்றிக் கேட்டவர்களுக்கு. எங்கள் பக்கம் காப்புக்கட்டுதான் முக்கியம், எரிப்பது குறைவு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் வாசலிலேயே செருகிவிட்டோம், பூளைப்பூவின் பஞ்சு உள்ளே வரக் கூடாது என்று. சென்னையில் இருப்பவர்களுக்குத்தான் கவலை. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போயின. டயர், பிளாஸ்டிக் எரியும் தெருவாக இருந்தால் முடிந்தவர்கள் இரண்டு நாளுக்கு வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள், குடும்பத்தோடு சேர்த்து. மார்கழிப் பனியில் புகை மேலே போகாது, தரையோடு நிற்கும்.

பொங்கலுக்கு விறகு அடுப்பு இல்லை, மாடியில் கேஸ் ஸ்டவ்தான். அம்மா தானாகவே அதைச் சொன்னாள்.

21 அக்டோபர் 2025

இந்த இழை இன்னும் இருக்கிறது என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. நேற்றுத் தீபாவளி. அவனுக்கு மூன்று வயது. ஜூலையிலிருந்து பகலில் ஆக்சிஜன் இல்லை, தூங்கும்போது மட்டும் கால் லிட்டர். ஆனாலும் மூடிய அறை, சுத்திகரிப்பான் எல்லாம் அதே மாதிரிதான், அதில் எதையும் குறைக்கவில்லை. சாப்பாடு இன்னமும் பெரும்பாலும் குழாயில்தான், வாயில் நாலைந்து கரண்டி.

மூத்தவள் இந்த வருடம் எங்கும் போகவில்லை. தெருக்கோடிப் பையன்களுக்குக் காற்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். புஸ்வாணம் இன்று ராத்திரி, ஊர் ஓய்ந்த பிறகு. எங்கள் வீட்டில் அதுதான் தீபாவளி என்று அவளே தேதி மாற்றிவிட்டாள்.

முதலில் கேள்வி கேட்ட சகோதரி சென்ற மாதம் எழுதியிருந்தார், பையன் ஆக்சிஜனை விட்டுவிட்டான் என்று. படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு விஷயம். அந்தத் திறப்பு வைத்த சட்டை, இவனுக்குச் சிறிதாகப் போனவை மூன்று இருக்கின்றன, ஒன்றரை வயது அளவு, துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள். அந்த அளவு சேராவிட்டால் மார்பு அளவும், வயிற்றில் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் எழுதுங்கள். தையல்காரர் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பொத்தானை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.